நீருக்குள் ஒரு தோட்டம்: செடிகளுக்குக் கரிமத்தை எவ்வழியில் தருவது?

அது கோடையின் ஒரு வேலைநாள். மீன்தொட்டியின் பின்வரிசையில் நட்டிருந்த சிவப்பு ரோட்டாலாச் செடிகள் எதிர்பார்த்தபடி தழைக்கவில்லையே என்ற மனக்குறை எனக்கு இருந்தது. அலுவலகம் புறப்படும் அவசரத்தில், கரியமில வாயுச் சிலிண்டரின் ஊசி வால்வைச் சற்றே கூடுதலாகத் திறந்துவிட்டுச் சென்றேன். நண்பகலில் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ரெண்டு மீன் சாஞ்சு கிடக்கு."

வாயுவை அடைக்கவும் காற்று மோட்டாரை இயக்கவும் சொன்னேன். மாலையில் வீடு திரும்பியபோது பதினெட்டு நியான் டெட்ரா மீன்களில் ஏழு இறந்திருந்தன. செடிகள் செழிக்க வேண்டும் என்று செய்த செயல், அச்செடிகளினூடே நீந்திய உயிர்களைப் பறித்துவிட்டது.

நீர்த்தாவரங்கள் நிறைந்த மீன்தொட்டி இன்று நம் நாட்டின் பல இல்லங்களில் வரவேற்பறையின் அழகாக விளங்குகிறது. ஜப்பானியரான தகாஷி அமானோ (1954–2015) உலகெங்கும் பரப்பிய இக்கலையில், புதியவர்கள் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி இது: செடிகளுக்கு வேண்டிய கரிமத்தை எதிலிருந்து பெறுவது? இதற்கென விற்கப்படும் பொருள்கள் பல. அவற்றின் விலையும் பலவகை. தம் தொட்டிக்கு எது பொருந்தும் என்று அறியாமல் வாங்குவோர் பணத்தை இழக்கின்றனர். சில வேளைகளில் மீன்களையும் இழக்கின்றனர். ஆகவே ஒவ்வொரு வழியின் இயல்பையும் சற்று விரிவாகக் காண்போம்.

நீரில் ஏன் இந்தப் பஞ்சம்?

உலர்ந்த செடியின் எடையில் ஏறத்தாழ 40 முதல் 45 விழுக்காடு கரிமமே. நைட்ரஜன், பொட்டாசியம், பாஸ்பரஸ் ஆகிய உரச்சத்துகளின் பங்கு இதனோடு ஒப்பிட மிகச் சிறியது. நிலத்தில் வளரும் செடி தனக்கு வேண்டிய கரிமத்தைக் காற்றில் உள்ள கரியமில வாயுவிலிருந்து தடையின்றி எடுத்துக்கொள்கிறது. நீருக்குள் நிலைமை வேறு. காற்றோடு சமநிலையில் உள்ள நீரில், 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 மில்லிகிராம் கரியமில வாயுவே கரைந்திருக்கும். மேலும், வாயு காற்றில் பரவும் வேகத்தைவிட நீரில் பரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. இலையைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் இருந்த வாயு தீர்ந்துவிட்டால், அடுத்த பங்கு வந்து சேர நேரமாகிறது. தொட்டியில் மென்மையான நீரோட்டம் இருக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுவே.

இப்பஞ்சத்தை எல்லாச் செடிகளும் ஒரே விதமாக எதிர்கொள்வதில்லை. நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் காணப்படும் ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்றவை, நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்பிலிருந்தும் கரிமத்தைப் பெற வல்லவை. கடினமான கிணற்று நீரிலும் அவை தழைப்பது இதனாலேயே. நீர்ப்பாசங்களுக்கு இத்திறன் இல்லை. கரைந்த வாயு ஒன்றே அவற்றின் உணவு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிக்குரிய ரோட்டாலா மேக்ராண்ட்ரா போன்ற சிவப்பு இலைச் செடிகளும் வாயுக் குறைவை எளிதில் தாங்குவதில்லை.

இன்னொன்றும் கருதத்தக்கது. கடைகளில் விற்கப்படும் தொட்டிச் செடிகளுள் பல உண்மையில் சதுப்புநிலச் செடிகள். பண்ணைகளில் அவை இலைகள் காற்றில் இருக்கும்படியே வளர்க்கப்படுகின்றன. நீருக்குள் மூழ்கியதும் பழைய இலைகள் கரைவதும், புதிய இலைகள் வேறு வடிவில் வருவதும் இயல்பு. அந்த மாற்றக் காலத்தில்தான் கரிமத் தட்டுப்பாடு மிகுதியாகத் தாக்குகிறது. வாங்கி நட்ட செடி ஒரு மாதத்தில் அழுகிப்போவதற்கு உரக்குறைவு மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது.

முதலில் விளக்கைக் கவனிப்போம்

எந்தக் கரிம வழி என்று முடிவு செய்வதற்கு முன், தொட்டியின் விளக்கு எத்தன்மையது என்று பார்க்க வேண்டும். ஒளிச்சேர்க்கையின் வேகத்தை நிர்ணயிப்பது ஒளி. ஒளி மிகுந்தால் செடி கரிமத்தையும் உரத்தையும் மிகுதியாகக் கேட்கும். கேட்டது கிடைக்காவிட்டால், பயன்படாத அந்த ஒளியைப் பாசி பயன்படுத்திக்கொள்ளும். ஆகவே, பாசி படர்ந்த தொட்டியில் பல நேரங்களில் முதல் மருந்து கரியமில வாயு அன்று, ஒளியைக் குறைப்பதே. நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேர ஒளி பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதுமானது. அதனை ஒரு சாதாரண டைமர் கொண்டு முறைப்படுத்திவிடலாம்.

மங்கிய ஒளி, மெதுவாக வளரும் செடிகள் என்றால் கரிமத் தேவை குறைவு. பிரகாசமான ஒளி, தரையில் புல்வெளிபோல் படரும் செடிகள், சிவப்பு இலைகள் என்றால் தேவை மிகுதி. இனி வழிகளைக் காண்போம்.

முதல் வழி: எதையும் சேர்க்காமை

கருவி எதுவுமின்றி, இயல்பாகக் கிடைக்கும் கரிமத்தோடு நிறைவடைவது இவ்வழி. தொட்டியின் அடியில் மெல்லிய மண்படுகை அமைத்து, அதன்மேல் சிறு கூழாங்கல் அல்லது மணலைப் பரப்பும் முறையை டயானா வால்ஸ்டாட் தமது 1999ஆம் ஆண்டு நூலில் விரிவாக விளக்கியுள்ளார். மண்ணில் உள்ள கரிமப்பொருள் மட்கும்போதும், மீன்களும் நுண்ணுயிர்களும் சுவாசிக்கும்போதும் கரியமில வாயு வெளிப்படுகிறது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகொரைன், வாலிஸ்னேரியா போன்றவை இத்தகைய தொட்டியில் மெதுவாக, ஆயினும் நலமாக வளரும். வாயுவைக் காற்றிலிருந்தே பெறும் மிதக்கும் தாவரங்களும் இதற்கு ஏற்றவை. அவற்றுள் உபரியானதை ஏரி, குளங்களில் வீசிவிடக் கூடாது. அவை நீர்நிலையை மூடிவிடும்.

செலவு மிகக் குறைவு. மீன்களுக்கு ஆபத்தும் மிகக் குறைவு. பொறுமை ஒன்றே இவ்வழியின் விலை.

இரண்டாம் வழி: சர்க்கரையும் ஈஸ்ட்டும்

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் சர்க்கரைக் கரைசலும் சிறிதளவு ஈஸ்ட்டும் இட்டால், நொதித்தலில் சாராயமும் கரியமில வாயுவும் உண்டாகும். 200 கிராம் சர்க்கரையிலிருந்து கோட்பாட்டளவில் ஏறத்தாழ 100 கிராம் வாயு கிடைக்க வேண்டும். நடைமுறையில், சாராயம் பெருகப் பெருக ஈஸ்ட் செயலிழந்துவிடுவதால் அதைவிடக் குறைவாகவே கிடைக்கிறது.

இம்முறையின் பெருங்குறை அதன் நிலையின்மை. முதல் சில நாள்களில் வாயு பொங்கி வரும். இரண்டு, மூன்று வாரங்களில் ஓய்ந்துவிடும். நம் கோடை வெப்பத்தில் இது இன்னும் விரைவாக நிகழும். இரவில் நிறுத்திவைக்கவும் இயலாது. கண்ணாடிப் பாட்டிலை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. குழாய் அடைபட்டால் அழுத்தம் கூடி வெடிக்கக்கூடும். நொதித்த கரைசல் தொட்டிக்குள் புகாதிருக்க, இடையில் ஒரு வெற்றுப் பாட்டிலும் ஒருவழி வால்வும் அவசியம். சிறு தொட்டியில் பயின்று பார்க்க ஏற்ற முறை இது, நெடுங்காலத்திற்கு நம்பத்தக்கதன்று.

மூன்றாம் வழி: சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும்

சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் நீரில் கலக்கும்போது உடனே கரியமில வாயு எழும். இவ்வினையை அழுத்தம் தாங்கும் உலோகக் கலத்தினுள் நிகழ்த்தும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. 200 கிராம் சோடாவை முழுமையாக வினைபுரியச் செய்தால் ஏறத்தாழ 105 கிராம் வாயு கிடைக்கும்; அதற்கு 200 கிராம் அமிலம் போதும்.

ஊசி வால்வு இருப்பதால் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தலாம். மின்சார சோலனாய்டு வால்வு இணைத்தால் இரவில் நிறுத்தவும் இயலும். மூலப்பொருள்கள் மளிகைக் கடையிலேயே கிடைப்பது ஒரு வசதி. ஆயினும் ஒவ்வொரு முறை நிரப்பிய பின்னரும் ஓட்டத்தைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். கலம், மூடி, பாதுகாப்பு வால்வு ஆகியவற்றின் தரத்தில் சமரசம் கூடாது. சாதாரண குளிர்பானப் பாட்டில்களில் இவ்வினையைச் செய்து பார்ப்பது ஆபத்தானது.

நான்காம் வழி: அழுத்தச் சிலிண்டர்

வாயுவைத் திரவ நிலையில் அடைத்த சிலிண்டர், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், சோலனாய்டு வால்வு, ஊசி வால்வு, குமிழ் எண்ணி, வாயுவை நுண்குமிழ்களாகப் பிரிக்கும் டிஃப்யூசர் ஆகியவை இதன் உறுப்புகள். நாள்தோறும் ஒரே அளவு வாயுவைத் தருவதில் இதற்கு இணை வேறில்லை.

தொடக்கச் செலவு கூடுதல் என்பதோடு, பாதுகாப்பிலும் கவனம் வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் சிலிண்டரினுள் ஏறத்தாழ 57 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரின் அழுத்தத்தைப்போல் இது ஏறத்தாழ 25 மடங்கு. 31 டிகிரியைக் கடந்தால் கரியமில வாயு திரவமாக இருக்க இயலாது. அழுத்தம் 74 பாரையும் தாண்டி, நிரப்பிய அளவுக்கேற்ப விரைந்து உயரும். நம் நாட்டின் பெரும்பகுதியில் கோடை வெப்பம் இதனைக் கடந்தே இருக்கிறது. எனவே அளவுக்கு மேல் நிரப்பிய சிலிண்டர், வெயில் படும் பால்கனி, மூடிய கார் ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும். இந்தியாவில் இச்சிலிண்டர்கள் 2016ஆம் ஆண்டின் வாயுச் சிலிண்டர் விதிகளுக்கு உட்பட்டவை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் பெற்ற சிலிண்டரையே வாங்கி, சோதனைத் தேதி பொறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய தீயணைப்புக் கருவிகளை மாற்றியமைத்து விற்பதை வாங்காதிருப்பதே நன்று.

சிலிண்டரை நிமிர்த்தி, சாயாதபடி கட்டிவைக்க வேண்டும். கரியமில வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். காற்றோட்டமுள்ள அறையே பொருத்தமான இடம். சிலிண்டர் தீரும் தறுவாயில் உள்ளழுத்தம் குறையும்போது, சில ரெகுலேட்டர்கள் வழக்கத்தைவிட மிகுதியான வாயுவை வெளியேற்றிவிடும். ஆகவே முழுமையாகத் தீரும் வரை காத்திராமல், அழுத்தமானியின் முள் இறங்கத் தொடங்கியதும் நிரப்பிக்கொள்வது மீன்களுக்கு நல்லது.

ஐந்தாம் வழி: திரவக் கரிமம்

சிறு பாட்டில்களில் 'திரவக் கரிமம்' என்று விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை குளூட்டரால்டிஹைடு சார்ந்த கரைசல்கள். மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் வேதிப்பொருளே இது. சிறு அளவில் இடும்போது பாசியைக் கட்டுப்படுத்துகிறது. பாசி ஒழிந்த தொட்டியில் செடிகள் தேறுவதும் கண்கூடு. ஆயினும் இதனைக் கரியமில வாயுவுக்கு நிகரான மாற்றாகக் கருத இயலாது. வாலிஸ்னேரியா, நீர்ப்பாசங்கள் போன்றவை இதனால் கருகக்கூடும். அளவு மிஞ்சினால் மீனும் இறாலும் மடியும். தோலிலும் கண்ணிலும் படாமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துக் கையாள வேண்டும்.

செலவைக் கணக்கிடும் முறை

விலைகள் ஊருக்கு ஊர் மாறுபடுவதால், கணக்கிடும் வழியை மட்டும் காண்போம். நம் தொட்டிக்கு நாளொன்றுக்கு 5 கிராம் வாயு தேவை என்று ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2 கிலோ கொள்ளளவுள்ள ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 400 நாள்களுக்கு வரும். சோடாக் கலத்தின் ஒரு நிரப்பு, அதாவது 105 கிராம், 21 நாள்களுக்கு வரும். எனவே ஒரு சிலிண்டருக்கு ஈடாக 19 முறை கலத்தை நிரப்ப வேண்டும்; அதற்குச் சிட்ரிக் அமிலம் 3.8 கிலோ, சோடா 3.8 கிலோ ஆகும்.

உங்கள் ஊர் விலையில் இவ்விரண்டையும் பெருக்கி, சிலிண்டரை ஒருமுறை நிரப்பும் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓராண்டில் மிச்சமாகும் தொகை தெரியும். சிலிண்டர் அமைப்பின் கூடுதல் முதலீட்டை அத்தொகையால் வகுத்தால், எத்தனை ஆண்டுகளில் அம்முதலீடு திரும்பும் என்பதும் தெரிந்துவிடும். பெரிய தொட்டிக்கு அது விரைவில் திரும்பும். இருபது லிட்டர் தொட்டிக்கு, பொழுதுபோக்கு தொடருமா என்றே தெரியாத நிலையில், அவ்வளவு முதலீடு தேவைதானா என்று எண்ணிப் பார்க்கலாம்.

அளவிடுவது எவ்வாறு?

வாயு சேர்க்கும் தொட்டிகளில் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை வைத்திருப்பது வழக்கம். இது காற்றோடு சமநிலையில் உள்ள நீரைப்போல் 30 முதல் 50 மடங்கு. நொடிக்கு எத்தனை குமிழ் என்ற எண்ணிக்கை அளவாகாது. குமிழின் பருமன் கருவிக்குக் கருவி வேறுபடும்.

எளிய கருவி, தொட்டிக்குள் தொங்கவிடும் நிறங்காட்டிக் குமிழ். அதில் கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரியாக அமைந்த திட்டக் கரைசலையும் புரோமோதைமால் நீலத்தையும் இட வேண்டும். தொட்டி நீரை இடக் கூடாது. நீலம் என்றால் வாயு குறைவு. பச்சை என்றால் ஏறத்தாழ 30 மில்லிகிராம். மஞ்சள் என்றால் ஆபத்து. இந்நிறமாற்றம் ஓரிரு மணி நேரம் பிந்தியே நிகழும் என்பதை மறக்கலாகாது.

பி.எச். அளவிலிருந்தும் கணிக்கலாம். நீரின் கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரியாக இருக்கையில், பி.எச். 7.0 என்றால் வாயு 12 மில்லிகிராம், 6.8 என்றால் 19; 6.6 என்றால் 30, 6.4 என்றால் 48. முள் 0.2 மட்டுமே நகர்ந்தாலும் வாயு ஏறத்தாழ 1.6 மடங்காகிறது. மரக்கட்டைகளிலிருந்து ஊறும் அமிலங்கள் இக்கணக்கைக் குழப்பும் என்பதால், இதனைத் தனித்து நம்பாமல் நிறங்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முறை.

மீன்களின் மூச்சே எல்லை

மீன் தன் இரத்தத்தில் உள்ள கரியமில வாயுவைச் செவுள்களின் வழியே நீரில் வெளியேற்றுகிறது. நீரிலேயே அவ்வாயு மிகுந்திருந்தால் வெளியேற்றம் தடைபடும். இரத்தம் அமிலத்தன்மை அடையும். ஆக்சிஜனை ஏந்தும் அதன் ஆற்றல் குன்றும். ஆகவே, செடிகள் ஆக்சிஜனைக் குமிழ் குமிழாக வெளியிட்டுக்கொண்டிருக்கும் தொட்டியிலும் மீன்கள் மூச்சுத்திணறலாம். எங்கள் வீட்டில் அன்று நிகழ்ந்தது இதுவே.

மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து மூடுவதையோ, விரைந்து மூச்சுவிடுவதையோ, இறால்கள் அசைவின்றி இருப்பதையோ கண்டால் உடனே வாயுவை நிறுத்துங்கள். காற்று மோட்டாரை இயக்கி நீர்மட்டத்தைக் கலக்குங்கள். நீரில் ஒரு பகுதியை, வெப்பநிலை ஒத்த, குளோரின் நீக்கிய நீரால் மாற்றுங்கள். வாயுவை விளக்கு எரிவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு தொடங்கி, விளக்கு அணையும் முன் நிறுத்துவது நல்ல வழக்கம். இரவில் செடிகளும் கரியமில வாயுவையே வெளியிடுகின்றன.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துச் சொல்வோம். புதியவருக்கும், அடிக்கடி வெளியூர் செல்வோருக்கும் மங்கிய ஒளியும் மண்படுகையுமே போதும். சிறு தொட்டியில் மிதமான ஒளி இருந்தால், வால்வுடன் கூடிய சோடாக் கலம் ஏற்றது. பெரிய தொட்டி, மிகுந்த ஒளி, சிவப்பு இலைகள் என்றால் தரமான சிலிண்டரே முறையான வழி. திரவக் கரிமத்தைப் பாசிக்கான மருந்தாக மட்டும் கருதலாம். எவ்வழியாயினும், வாயு கூடும்போது உரத்தேவையும் கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவை அனைத்திற்கும் அடிப்படையான பாடம் ஒன்று உண்டு. செடிகளுக்குத் தேவை மிகுதி அன்று, ஒழுங்கு. ஒருநாள் 40 மில்லிகிராமும் மறுநாள் 5 மில்லிகிராமும் பெறும் தொட்டியைவிட, நாள்தோறும் தவறாமல் 15 மில்லிகிராம் பெறும் தொட்டி நலமாக இருக்கும். மாதந்தோறும் தவறாமல் சேமிப்பவர் இவ்வுண்மையை எளிதில் உணர்வர்.

இப்போது எங்கள் வீட்டில் ஊசி வால்வைத் தொடுவது ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டுமே. கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிவிட்டு, அன்று முழுவதும் மீன்களைக் கவனிக்கிறோம். நிறங்காட்டியின் நிறத்தை மகள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறாள். ரோட்டாலா முன்புபோல் விரைந்து வளரவில்லை, ஆனால் சிவந்திருக்கிறது. எஞ்சிய பதினொரு டெட்ராக்களும் அதனூடே நீந்திக்கொண்டிருக்கின்றன.